மூன்று முறை சாம்பியன், ரிங்கில் இழந்தது ஒரே முறை: குத்துச்சண்டைப் பட்டம் எப்படிக் கைமாறுகிறது?

முகமது அலி பற்றிய பேச்சு வந்தால் தவறாமல் வரும் வாசகம் 'மூன்று முறை ஹெவிவெயிட் உலக சாம்பியன்' என்பது. ஹெவிவெயிட் என்றால் மிக அதிக எடையுள்ளவர்களின் பிரிவு. அப்படிச் சொல்பவரிடம் ஒரு சின்னக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். ஒரே பட்டத்தை மூன்று முறை வெல்ல வேண்டுமானால், இடையில் இரண்டு முறையாவது அது கைவிட்டுப் போயிருக்க வேண்டுமே, யாரிடம் போனது? பெரும்பாலும் கிடைக்கும் பதில், 'ஜோ ஃப்ரேசியரிடம்'. 1971-இல் அவர்கள் இருவரும் மோதியது அவ்வளவு புகழ்பெற்ற சண்டை. ஆனால் பதில் தவறு. அன்று இரவு பட்டத்துடன் ரிங்கில் ஏறியவர் ஃப்ரேசியர்தான். அலி வெறுங்கையோடு வந்திருந்தார்.

தொழில்முறையில் அலி ஆடியது 61 சண்டைகள். வெற்றி 56, தோல்வி 5. அந்த ஐந்து தோல்விகளில் அவருடைய பட்டத்தைப் பறித்தது ஒன்றே ஒன்று. மற்ற நான்கிலும் தோற்றார், ஆனால் பட்டத்தை இழக்கவில்லை. இது புரிந்துவிட்டால் குத்துச்சண்டையில் 'சாம்பியன்' என்ற சொல்லின் குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கோப்பையா, நாற்காலியா?

பள்ளித் தேர்வில் ஆண்டுதோறும் ஒருவர் முதலிடம் பெறுகிறார். போன ஆண்டு முதலிடம் வந்தவரும் இந்த ஆண்டு எல்லோருடனும் உட்கார்ந்து எழுத வேண்டும். கோப்பைப் போட்டிகள் இந்த வகை. ஒலிம்பிக்கும், அமெச்சூர் உலக சாம்பியன்ஷிப்பும் இப்படித்தான் நடக்கின்றன. அமெச்சூர் என்றால் பரிசுப் பணத்துக்காக அல்லாமல், நாட்டு அணியின் சார்பில் ஆடும் குத்துச்சண்டை. சண்டைகள் மூன்று சுற்றுகளில் முடிந்துவிடும். மேரி கோம் 2002 முதல் 2018 வரை ஆறு முறை உலகத் தங்கம் வென்றது இந்த வகையில். ஒவ்வொரு முறையும் முதல் சண்டையிலிருந்து தொடங்கி, எதிரே வந்தவரையெல்லாம் வரிசையாக வீழ்த்தி அவர் மேலே வந்தார்.

தொழில்முறைக் குத்துச்சண்டை வேறு கதை. அங்கே ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வேறொருவருக்கு அது வேண்டுமென்றால், உட்கார்ந்திருப்பவரைச் சண்டைக்கு இழுத்து, இறக்கிவிட்டு, தான் ஏறிக்கொள்ள வேண்டும். அப்படி நாற்காலியைப் பணயம் வைத்து நடப்பதுதான் பட்டப் போட்டி. அதில் ஏற வருபவர் சவால் வீரர். சாம்பியன் நினைத்தால் நாற்காலியைப் பணயம் வைக்காமலும் யாருடனாவது சண்டை போடலாம். தோற்றால் மானம் போகும், பட்டம் போகாது. உலகின் இரண்டாவது சிறந்த வீரர் வாய்ப்பே கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் வாசலில் காத்திருப்பதும் உண்டு.

அலி, அப்போது காசியஸ் கிளே, 1942-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் அவருடைய சைக்கிள் திருட்டுப் போனது. புகார் சொல்லப் போன இடத்தில், திருடியவனை அடித்து நொறுக்கப் போவதாகக் கொதித்தார். அதைக் கேட்ட ஜோ மார்ட்டின் என்ற போலீஸ்காரர், பக்கத்திலேயே பையன்களுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பவர். அடிப்பதற்கு முன் அடிக்கக் கற்றுக்கொள் என்று பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில், லைட் ஹெவிவெயிட் பிரிவில் அந்தப் பையனுக்குத் தங்கம். இது கோப்பை வகை வெற்றி. அந்தத் தங்கத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறிவிட முடியாது. அதே ஆண்டு அக்டோபரில் சொந்த ஊரில் ஒரு சாதாரண ஆறு சுற்றுச் சண்டையில்தான் அவருடைய தொழில்முறை வாழ்க்கை தொடங்கியது.

ஆக, மேரி கோமின் ஆறும் அலியின் மூன்றும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும் எண்கள் அல்ல. ஒன்று வென்ற தொடர்களின் எண்ணிக்கை, மற்றொன்று நாற்காலியில் ஏறிய தடவைகளின் எண்ணிக்கை.

முதல் முறை ஏறியது

19 சண்டைகள், 19 வெற்றிகள். அதன் பிறகே கிளேவுக்குச் சவால் வாய்ப்பு கிடைத்தது. 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். நாற்காலியில் இருந்தவர் சோனி லிஸ்டன். பார்த்தாலே எதிராளிக்குப் பாதி பலம் போய்விடும் தோற்றம். பந்தயக்காரர்கள் லிஸ்டன் பக்கம் ஏழுக்கு ஒன்று என்று கட்டியிருந்தார்கள்.

நான்காவது சுற்று முடிந்து மூலைக்குத் திரும்பிய கிளேவுக்குக் கண் திறக்க முடியவில்லை. ஏதோ கண்ணில் பட்டு எரிகிறது. எதிராளியின் காயத்துக்குப் போட்ட மருந்தாக இருக்கலாம் என்பது பலருடைய ஊகம். 'கையுறையைக் கழற்றுங்கள்' என்று கத்துகிறார். பயிற்சியாளர் ஏஞ்செலோ டண்டீ பஞ்சை நனைத்துக் கண்ணைக் கழுவுகிறார், மணி அடிக்கும் நேரத்தில் முதுகில் கைவைத்து ரிங்குக்குள் தள்ளிவிடுகிறார். ஐந்தாவது சுற்று முழுக்க, கண் சரியாகத் தெரியாமல், கையை நீட்டி லிஸ்டனைத் தள்ளியே வைத்து ஓடித் தப்பினார். ஆறாவதில் பார்வை தெளிந்தது; அதன் பிறகு அடி வாங்கியதெல்லாம் லிஸ்டன்தான். ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஸ்டூலிலிருந்து எழவே இல்லை.

ஒருவர் அந்தச் சிறு ஸ்டூலிலிருந்து எழாததால், 22 வயதான இன்னொருவர் பெரிய நாற்காலியில் ஏறினார். இதற்குப் பெயர் டெக்னிகல் நாக்-அவுட்: கீழே விழுந்து பத்து எண்ணும்வரை எழாமல் கிடப்பது நாக்-அவுட், விழாவிட்டாலும், தொடர முடியாது என்று வீரரோ அவருடைய மூலையில் நிற்கும் பயிற்சியாளரோ நடுவரோ முடிவு செய்வது டெக்னிகல் நாக்-அவுட். டண்டீ அன்று தள்ளிவிடாமல் இருந்திருந்தால் இதே முடிவு கிளேயின் பக்கம் எழுதப்பட்டிருக்கும். சாம்பியனின் வரலாற்றை எழுதும்போது மூலையில் நின்றவர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் புகார்.

அறைக்குள் இழந்த பட்டம்

நாற்காலி யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்வியில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

சாலையில் வண்டி ஓட்ட உரிமம் தருவது ஓர் அலுவலகம். வண்டிப் பந்தயத்தில் கோப்பை தருவது வேறொரு சங்கம். குத்துச்சண்டையிலும் அப்படியே இரண்டு தரப்புகள். சண்டை போட உரிமம் தருவது அரசு சார்ந்த ஆணையம். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி ஆணையம் உண்டு. 'உலக சாம்பியன்' என்ற பட்டத்தைத் தருவதோ தனியார் அமைப்புகள். ஒவ்வொரு அமைப்பும் தனக்கென ஒரு பெல்ட் வைத்திருக்கிறது, தனக்கென ஒரு தரவரிசை வைத்திருக்கிறது, பட்டப் போட்டி நடந்தால் வீரர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொள்கிறது. பெல்ட்டைக் கொடுத்தவர்களே திரும்பப் பிடுங்கவும் செய்யலாம். இதற்குப் பட்டப் பறிப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அலிக்கு இது இரண்டு முறை நடந்தது. முதலாவது பலருக்கு நினைவில் இல்லை. லிஸ்டனை வென்றவுடன், அவருடனேயே மறுபடி மோத ஒப்புக்கொண்டார் என்பதற்காக 1964-இலேயே டபிள்யூ.பி.ஏ. என்ற அமைப்பு அவருடைய பட்டத்தை ரத்து செய்தது. சாம்பியனும் தோற்றவரும் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்பவர்களின் கதி என்ன என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் உலகம் அந்த ரத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. அந்தப் பெல்ட்டை வென்ற எர்னி டெரலை 1967 பிப்ரவரியில் அலியே தோற்கடித்து, துண்டுபட்ட பட்டத்தை ஒன்றாக்கினார்.

இரண்டாவதுதான் வரலாறானது. 1967 ஏப்ரல் 28 அன்று, ஹூஸ்டனில், வியட்நாம் போருக்கான கட்டாயப் படைச் சேர்க்கையின்போது தன் பெயரைக் கூப்பிட்டும் அலி முன்வரவில்லை. அன்றைக்கே நியூயார்க் மாநில ஆணையம் உரிமத்தை நிறுத்தியது, டபிள்யூ.பி.ஏ. பட்டத்தைப் பறித்தது. கவனியுங்கள்: அப்போது அவர்மீது வழக்குகூடப் பதிவாகவில்லை. ஐந்தாண்டு சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம் என்ற தீர்ப்பு ஜூன் மாதம்தான் வந்தது. மேல்முறையீட்டில் வெளியே இருந்தார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் எட்டு நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

பட்டம் போனது நாற்காலிப் பிரச்சினை. உரிமம் போனதோ பிழைப்புப் பிரச்சினை. 25 வயதில், கால்கள் மிக வேகமாக இருந்த காலத்தில், மூன்றரை ஆண்டுகள் அவரால் ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை. ஒன்பது பேரின் சவாலை முறியடித்தவரை ஒரு குத்துகூட விடாமல் இறக்கிவிட்டார்கள்.

ஃப்ரேசியர் யாரை வென்றார்?

காலியான நாற்காலியை நிரப்ப டபிள்யூ.பி.ஏ. எட்டு பேரை வைத்து ஒரு தொடர் நடத்தியது. ஜிம்மி எல்லிஸ் ஜெயித்தார். ஃப்ரேசியர் அதில் சேரவில்லை. உரிமம் தருவதோடு நிற்காமல் நியூயார்க் ஆணையம் தானே அங்கீகரித்த வேறொரு பட்டத்தை 1968-இல் வென்று, 1970 பிப்ரவரியில் எல்லிஸையும் வீழ்த்தினார். காகிதத்தில் இனி ஒரே சாம்பியன், ஃப்ரேசியர்.

ஆனால் ரசிகர்கள் காகிதத்தை மட்டும் பார்ப்பதில்லை. அவர்களிடம் இன்னொரு கணக்கு உண்டு: வென்றவனை வென்றவனே சாம்பியன். அமைப்புகள் என்ன சொன்னாலும், ரிங்குக்குள் நாற்காலி கைமாறிய வரிசையை மட்டும் பின்தொடர்வது. இதை வழிவழிப் பட்டம் என்று சொல்லலாம். இந்தக் கணக்கில் அலியை யாரும் வெல்லவில்லை, ஆகவே அவர் இன்னும் அரசர். 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்தது, தோல்வியே காணாத இரண்டு அரசர்களின் மோதல். ஆளுக்கு 25 லட்சம் டாலர்.

பதினைந்தாவது, கடைசிச் சுற்று. ஃப்ரேசியரின் இடதுகை ஹுக், முழங்கை மடங்கி வளைந்து வரும் குத்து, அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்தார், கால்கள் மேலே எழுந்தன. சில விநாடிகளில் எழுந்து நின்றுவிட்டார். தீர்ப்பு மூன்று பேர் அட்டையிலும் ஃப்ரேசியருக்கே. இது அலியின் முதல் தோல்வி. பதிவேட்டின்படி தோற்ற சவால் வீரர், அவ்வளவே.

இங்கே புள்ளிக்கணக்கு பற்றி ஒரு வார்த்தை. குத்துச்சண்டை ஓட்டங்களைக் கூட்டும் கிரிக்கெட் போன்றது அல்ல, ஒவ்வொரு சுற்றும் தனித் தேர்வு. இன்றைய முறையில் சுற்றை வென்றவருக்கு 10, தோற்றவருக்கு 9. ஒருமுறை விழுந்தால் பெரும்பாலும் 8. பன்னிரண்டு சுற்றில் ஏழை நீங்கள் வெல்கிறீர்கள், எதிராளி ஐந்தை வெல்கிறார் என்று வையுங்கள்: 115-113, நீங்கள் ஜெயித்தீர்கள். அந்த ஐந்தில் இரண்டு சுற்றுகளில் தலா ஒருமுறை நீங்கள் விழுந்திருந்தால்: 113-113, சமன். அன்றைய நியூயார்க்கில் இன்னும் எளிமை. யார் எத்தனை சுற்று என்பதுதான் எண்ணிக்கை. ஒரு நீதிபதி ஃப்ரேசியருக்கு 11 சுற்றுகளும் அலிக்கு 4-ம் கொடுத்தார், இன்னொருவர் 9-6, நடுவர் 8-6, ஒன்று சமன். அந்த வரலாற்றுப் புகழ் பெற்ற வீழ்த்தல் தீர்ப்பட்டையில் ஒரு சுற்றுக்கு மேல் பெறவில்லை. அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்து 'அநியாயத் தீர்ப்பு' என்று கூவுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை வந்ததைத் தொகுத்தால்: அலி முதல் நாற்காலியை அலுவலக அறையில் இழந்தார். ஃப்ரேசியர் அந்த நாற்காலியை வேறு ஆட்களிடம் வென்றெடுத்து, அலி வந்து கேட்டபோது தரவில்லை.

இரண்டாம் முறை: கயிற்றில் சாய்ந்தவர்

1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் தள்ளி நாற்காலியைப் பிடித்தார். ஃபோர்மனின் கணக்கு 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். 1974 அக்டோபர் 30, இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் கின்ஷாசா. அன்று நாட்டின் பெயர் ஜைர். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காக விடியற்காலையில் சண்டை.

அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு அடிவாங்கியே ஃபோர்மனைக் களைப்பாக்கினார் என்று சொல்லிச் சொல்லி, அது ஏதோ பொறுமைசாலியின் வெற்றி போல ஆகிவிட்டது. நடந்தது வேறு. வேகமாக வரும் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வோம், உள்ளங்கையில் வலிக்காது. தளர்ந்த கயிறு அலியின் உடம்புக்கு அதைத்தான் செய்தது: குத்து விழும்போது உடம்பு கயிற்றோடு பின்னால் போய், அடியின் வேகம் கரைந்தது. தாடையைக் கையுறைகளும் விலாவை முழங்கைகளும் மூடியிருந்தன. காற்றில் போன குத்தை வீசியவரே தன் தோள் வலிமையால் நிறுத்தியாக வேண்டும். ஃபோர்மனுக்கு அப்படி நிறைய நிறுத்த வேண்டியிருந்தது. இடையிடையே அலியின் நேர்க்குத்துகள் முகத்தில் வந்துகொண்டே இருந்தன, கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் ஃபோர்மனின் கழுத்தைக் கீழே அழுத்தினார். எட்டாவது சுற்றில் கயிற்றை விட்டு வெளியே வந்து அடித்தார். ஃபோர்மன் விழுந்தார், பத்து எண்ணி முடிந்தது.

அறையில் போனது ரிங்கில் திரும்பியது. அதன் பிறகு பத்துச் சவால்களை முறியடித்தார். அதில் ஒன்று 1975-இல் மணிலாவில் ஃப்ரேசியருடன் நடந்த கொடூரமான சண்டை.

மூன்றாம் முறையின் விசித்திரம்

1978 பிப்ரவரி 15, லாஸ் வேகாஸ். அலிக்கு வயது 36. எதிரே லியான் ஸ்பிங்க்ஸ், அலியைப் போலவே ஒலிம்பிக் லைட் ஹெவிவெயிட் தங்கம் வென்றவர், ஆனால் அதற்கு முன் தொழில்முறையில் ஆடியது ஏழே சண்டைகள். பதினைந்து சுற்றுகள் முடிந்து, இரண்டு நீதிபதிகள் ஸ்பிங்க்ஸுக்கும் ஒருவர் அலிக்கும் தீர்ப்பளித்தார்கள். இப்படிப் பிரிந்து வருவது பிளவுத் தீர்ப்பு. அலி தன் நாற்காலியை ரிங்கில் இழந்த ஒரே இரவு இது.

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஸ்பிங்க்ஸ் உடனே அலியுடன் மறுபோட்டிக்கு ஒப்புக்கொண்டார். டபிள்யூ.பி.சி. என்ற இன்னொரு அமைப்போ, தன் தரவரிசையில் முன்னால் நின்ற கென் நார்ட்டனுடன் ஆட வேண்டும் என்றது. அமைப்பு இப்படி நிர்ணயிக்கும் எதிராளிக்குக் கட்டாயச் சவால் வீரர் என்று பெயர். ஸ்பிங்க்ஸ் மறுக்கவே, தன் பட்டத்தை மட்டும் பறித்து, நார்ட்டன் முந்தைய ஆண்டு வென்றிருந்த ஒரு சண்டையைப் பட்டப் போட்டியாகக் கருதி அவரையே சாம்பியனாக அறிவித்தது. ஒரு குத்தும் விடாமல் பட்டம் வந்தது நார்ட்டனுக்கு. ஜூனில் லாரி ஹோம்ஸ் அவரிடமிருந்து அதை வென்றார்.

செப்டம்பர் 15 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஸ்பிங்க்ஸை வென்று அலி மூன்றாம் முறை சாம்பியன் ஆனபோது கிடைத்தது டபிள்யூ.பி.ஏ. பெல்ட் மட்டும், அதே நாளில் ஹோம்ஸும் உலக சாம்பியன்தான். இருந்தும் 'மூன்றாம் முறை' என்று யாரும் தயங்காமல் எண்ணுகிறார்கள். காரணம் வழிவழிப் பட்டம். அலியை வென்றவர் ஸ்பிங்க்ஸ். ஸ்பிங்க்ஸை வென்றவர் அலி.

அந்த நாற்காலியிலிருந்து 1979-இல் அவரே இறங்கினார். பிறகு திரும்பி வந்து 1980-இல் ஹோம்ஸிடம் அடிவாங்கியதும் (பத்தாவது சுற்றுக்குப் பிறகு டண்டீ சண்டையை நிறுத்தினார்), 1981-இல் ட்ரெவர் பெர்பிக்கிடம் தோற்றதும் பட்டம் இல்லாத அலி. 1973-இல் நார்ட்டனிடம் தோற்றதும் அப்படியே. ஐந்து தோல்விகள்: ஃப்ரேசியர், நார்ட்டன், ஸ்பிங்க்ஸ், ஹோம்ஸ், பெர்பிக். நாற்காலி போனது நடுவில் இருப்பவரிடம் மட்டும். 1984-இல் பார்க்கின்சன் நோய் உறுதியானது, 2016-இல் இறந்தார். அந்தக் கடைசி இரண்டு சண்டைகளை என்னால் முழுதாகப் பார்க்க முடிந்ததில்லை.

இன்றைக்கு எத்தனை நாற்காலிகள்?

டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி.யுடன் 1983-இல் ஐ.பி.எஃப்., 1988-இல் டபிள்யூ.பி.ஓ. சேர்ந்தன. ஆக, ஒவ்வொரு எடைப்பிரிவுக்கும் நான்கு பெல்ட்டுகள். எடைப்பிரிவு என்பது ஒரே அளவு எடையுள்ளவர்கள் மட்டும் மோத வகுத்த எல்லை. ஒருகாலத்தில் எட்டே இருந்தன, இப்போது ஆண்கள் பிரிவில் நான்கு அமைப்புகளுக்கும் பொதுவானவை பதினேழு. பெருக்கிப் பாருங்கள்: 68 உலக சாம்பியன் நாற்காலிகள். ஒரே எடையில் ஒன்றுக்கு மேற்பட்ட பெல்ட்டை ஒருவர் சேர்த்தால் ஒருங்கிணைந்த சாம்பியன். நான்கையும் சேர்த்தால் போட்டியற்ற சாம்பியன்.

ஹெவிவெயிட்டில் நான்கையும் முதன்முதலாகச் சேர்த்தவர் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக். 2024 மே 18, ரியாத், எதிராளி டைசன் ஃப்யூரி. நான்கு பெல்ட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஒப்பந்தப்படி ஃப்யூரியுடன் மறுபோட்டி ஆட வேண்டும். ஐ.பி.எஃப். அமைப்போ, வரிசையில் கட்டாயச் சவால் வீரர் காத்திருக்கிறார் என்றது. ஜூன் மாதம் முடிவதற்குள் அந்த ஒரு பெல்ட்டை உசிக் விட்டுக்கொடுத்தார். யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை. 1964-இல் அலியிடமும் 1978-இல் ஸ்பிங்க்ஸிடமும் பெல்ட்டைப் பிடுங்க வைத்த அதே மறுபோட்டிச் சிக்கல்தான்.